எளிய ஆங்கிலச் சொற்களை ஏ முதல் இஸட் வரை எழுத்து வாரியாகத் தர முடியுமா?

எல்.கே.ஜி., யு.கே.ஜி. படிக்கிற குழந்தைக்காகக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 26 எழுத்துக்கும் பத்துப் பத்துச் சொல் போதுமென்றால் கடையில் விற்கும் சார்ட்டே போதும். ஆனால் அந்தச் சார்ட்டுகளில் பாதி தப்பு. அதைச் சொல்லாமல் இன்னொரு பட்டியலை நீட்ட மனமில்லை.

தமிழில் 'க' என்று படித்தால் 'கல்'லைப் படித்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, சொல்லில் அது தரும் ஒலி வேறு. அதனால் முதல் சுற்றில் ஓர் எழுத்துக்கு ஒரே ஒலிதான், அந்த ஒலியில் தொடங்கும் சொற்கள் மட்டும்தான். 'ஏ'க்கு ஆப்பிள், ஆக்ஸ் (கோடாலி), ஆன்ட் (எறும்பு) சரி. ஏரோபிளேனும் ஆகஸ்டும் வேண்டாம். 'ஐ'க்கு இன், இங்க், இன்செக்ட் சரி, ஐஸ்கிரீம் வேண்டாம். சார்ட்டில் இக்லூ படத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு, நம் ஊரில் பனிவீடு எங்கே என்று. ஒலிக்காகத்தான் அதைப் போட்டிருக்கிறார்கள், அது சரிதான். 'யூ'வில் அம்ப்ரெல்லா, அப், அண்டர் இருக்கட்டும். யூனிஃபார்ம் 'ய' ஒலியில் தொடங்குகிறது. 'ஓ'வில் ஒன் (எண்) கூடவே கூடாது, அதன் தொடக்கம் 'வ'. நைஃப், ரைட் (எழுது), ஹவர், ஃபோன், சிட்டி, ஜிராஃப் எல்லாம் இரண்டாம் சுற்றுக்கு.

எக்ஸ் தனிக் கதை. சைலஃபோன் என்று போடுகிறார்கள். அதன் தொடக்க ஒலி இஸட்டினுடையது! எக்ஸின் ஒலி சொல்லின் கடைசியில்தான் தெளிவாகக் கேட்கும்: பாக்ஸ், ஃபாக்ஸ், சிக்ஸ், மிக்ஸ். நம் அரிச்சுவடி இதை என்றைக்கோ தீர்த்துவிட்டது. ங்-க்குச் சங்கு, ஞ்-க்கு இஞ்சி, ஃ-க்கு எஃகு. எழுத்து எங்கே ஒலிக்கிறதோ அங்கிருந்து எடுத்தார்கள். இப்போதோ தமிழ்ச் சார்ட்டை வைத்துக்கொண்டே 'அ ஃபார் அம்மா' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். இரண்டு தமிழ்ச் சொல்லுக்கு நடுவே அந்த 'ஃபாருக்கு' என்ன வேலை? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எரிச்சல்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே சில இடறல்கள் உண்டு. கோட் என்று நான் எழுதினால் அது ஆடா, மழைக்குப் போடுவதா? தமிழ் எழுத்தில் தெரியாது. பென்னில் வரும் பி, பஸ்ஸில் வரும் பி இரண்டும் இதே சிக்கல். வாய்க்கு முன்னால் நாலு விரல் தள்ளி மெல்லிய தாளைப் பிடியுங்கள். 'பென்' சொன்னால் தாள் அசையும், 'பஸ்' சொன்னால் அவ்வளவாக அசையாது. இந்த ஜோடிகளை ஒரே வாரத்தில் எடுக்காதீர்கள். முதலாவது ஊறின பிறகு இரண்டாவது. 'வி'க்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும் (வேன், கால்நடை மருத்துவரைக் குறிக்கும் வெட்), 'டபிள்யூ'வுக்கு உதடு குவிய வேண்டும் (வெட் என்றால் ஈரம்), பல் தொடக்கூடாது. எக் என்பது 'யெக்' ஆவதும் ஸ்கூல் 'இஸ்கூல்' ஆவதும் தமிழ் நாக்கின் இயல்பு. அதற்காக அடிக்கவோ சிரிக்கவோ வேண்டாம். 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டி, பிறகு 'கூல்' சேர்க்கச் சொன்னால் அந்த இகரம் போய்விடும்.

வரிசை? ஏ, பி, சி என்று போக வேண்டிய அவசியமே இல்லை. இங்கிலாந்தில் ஒலிவழிப் பாடம் பெரும்பாலும் எஸ், ஏ, டேபிளின் டி, பென்னின் பி, ஐ, என் ஆகிய ஆறில் தொடங்கும். காரணம், இந்த ஆறை வைத்தே பின், டின், டேப் (குழாய்), பேன் (வாணலி), சிட், நேப் (குட்டித் தூக்கம்) என்று உடனே சொற்களைக் கட்டிப் படிக்கலாம். ஏ, பி, சி, டி நாலில் கேப் (வாடகை வண்டி), பேட் (கெட்ட), டேட் (அப்பா) போல ஒரு கைப்பிடிதான் தேறும்.

எழுத்துக்கு ஐந்து சொல் போதும்: மூன்று பொருள், ஒரு செயல், ஒரு சின்னச் சொல். 'ஆர்'க்கு ரேட் (எலி), ரிங், ரக் (விரிப்பு), கூடவே ரன், ரெட். சார்ட்டுகள் பெயர்ச்சொல்லாகவே நிரப்புவதால்தான் பிள்ளைக்கு நூறு சொல் தெரிந்தும் ஒரு வாக்கியம் வருவதில்லை. அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச் 1936இல் வெளியிட்ட 220 அடிப்படைச் சொற்களில் பெயர்ச்சொல்லே கிடையாது. 95 பெயர்ச்சொற்களைத் தனியாக வைத்தார். அந்த 220இல் டபிள்யூவுக்கு மட்டும் 20க்கு மேல், எக்ஸுக்கும் இஸட்டுக்கும் ஒன்றுமில்லை. எல்லா எழுத்துக்கும் சமமாகப் பத்து என்று இழுத்து நிரப்பப் போய்த்தான் சைலஃபோன் வருகிறது. இஸட்டுக்கு ஜூ, ஜிப், ஜீப்ரா மூன்றோடு நிறுத்துங்கள்.

'நாங்களெல்லாம் ஏ ஃபார் ஆப்பிள் படித்துத்தானே வேலைக்கு வந்தோம்' என்று கீழே எழுத வருவோருக்கு: ஆப்பிள் சரியான சொல்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஒன்றை மட்டும் சோதியுங்கள். எழுத்து அட்டைகளைக் குலுக்கி நடுவிலிருந்து எம்-ஐ நீட்டுங்கள். பிள்ளை ஏ-யிலிருந்து முணுமுணுத்து எம்-க்கு வந்தால் பாட்டு மனப்பாடமாகியிருக்கிறது, எழுத்து இன்னும் ஆகவில்லை. அந்த அட்டையை நாளைக்கும் அட்டைக் கட்டுக்குள் வையுங்கள்.