சிபாப் மெஷினை வாடகைக்கு எடுக்கலாமா, வாங்கிடலாமா? ஏமாறாம நியாயமான விலைக்கு எப்படி வாங்குறது?

சிபாப்ங்கிறது தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றவங்களுக்கு, மாஸ்க் வழியா காத்தை அழுத்தி ஊதி தொண்டை அடைக்காம வச்சுக்கிற மெஷின். ஸ்லீப் டெஸ்ட் ரிப்போர்ட் கையில வந்து ரெண்டு நாள் ஆகியிருக்கும், வீட்ல எல்லாரும் சீக்கிரம் மெஷினைப் போடுன்னு பயமுறுத்திட்டு இருப்பாங்க. நானும் அந்தப் பயத்துலதான் மாட்டுனேன்.

எனக்கு ஏஹெச்ஐ 42, அதாவது மணிக்கு 42 தடவை மூச்சு நிக்குது இல்லன்னா குறையுது. 30 தாண்டினாலே தீவிரம்பாங்க. அன்னிக்கே வாடகைக்கு எடுத்துட்டேன். "அப்புறம் வாங்குனா வாடகையைக் கழிச்சுக்கலாம் சார்"னு வாயால சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். மூக்குக்கு மட்டும் போடுற மாஸ்க்கைக் குடுத்தாங்க, நானோ வாயைத் திறந்து தூங்குற ஆளு, காத்தெல்லாம் வாய் வழியா போயி காலையில நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். ராத்திரி எப்பக் கழட்டிப் போட்டேன்னே தெரியாது, அது பாட்டுக்குத் தலகாணி மேல ஊதிட்டு கிடக்கும். பழகிடும் பழகிடும்னு எட்டு மாசம் வாடகை கட்டி, கூட்டிப் பாத்தா புது மெஷின் விலையைத் தாண்டிருச்சு. கழிங்கன்னு கேட்டா "அது முதல் மாசத்துக்கு மட்டும்தான் சார்"!

வாடகையே தப்புன்னு நான் சொல்லல, கமெண்ட்ல சண்டைக்கு வராதீங்க. ஒரு மாசம் எடுத்துப் பாருங்க, ஆனா கழிக்கிற கணக்கை பில்லுலயே எழுதி வாங்குங்க. மாஸ்க், டியூப், காத்தை ஈரமாக்குற ஹியூமிடிஃபையர் எல்லாம் அந்த விலைக்குள்ள வருதான்னு தனித்தனியா கேளுங்க, மெஷினை மட்டும் மலிவா காட்டிட்டு இதுல பிடிச்சுடுவாங்க. மாஸ்க்கைப் போட்டுப் படுத்துப் பாக்காம வாங்கவே வாங்காதீங்க. டாக்டர் ஆட்டோ சிபாப்னு (தேவைக்கேத்த மாதிரி அழுத்தத்தைத் தானே மாத்திக்கிறது) எழுதியிருந்தா அதோட நில்லுங்க, மூச்சு இழுக்க ஒரு அழுத்தம், விட ஒரு அழுத்தம்னு குடுக்கிற, விலை கூடுன பைபாப்பைத் தலையில கட்டப் பாப்பாங்க.

பழசு வாங்குறதா இருந்தா எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு மெனுவுல காட்டச் சொல்லுங்க. 2021 ஜூன்ல பிலிப்ஸ் கம்பெனி, சத்தம் குறைக்க உள்ள வச்ச ஃபோம் உதிர்ந்து மூச்சோட உள்ள போகலாம்னு நிறைய மாடலைத் திரும்ப எடுக்கிறதா அறிவிச்சது, அதுல ஒண்ணு உங்க தலையில விழுந்துடப் போகுது. மாடல், சீரியல் நம்பர் பாத்துக்கங்க.

இப்ப மூக்கு, வாய் ரெண்டையும் மூடுற ஃபுல் ஃபேஸ் மாஸ்க், ஏஹெச்ஐ 3. இதைப் பாத்துட்டு என் மச்சான் "குறட்டை விடுறவன்தான்டா நிம்மதியா தூங்குறான், உனக்கு எதுக்கு ஐசியூ வேஷம்"ங்கிறான். கல்யாண வீட்டுல அவன் படுத்தா அடுத்த ரூம்காரங்க பாயைச் சுருட்டிட்டு மொட்டை மாடிக்குப் போறாங்க, அவன் எனக்கு அட்வைஸ் பண்றான்.