ஊருக்குப் போகும்போது தண்ணீரையும் பூட்டுவது எப்படி?

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையில் சொந்த வீடு. தரைத்தளமும் ஒரு மாடியும். மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்து கதவைத் திறந்தால், கூடம் முழுக்கத் தண்ணீர். சமையலறை சிங்க்குக்குக் கீழே இருந்த ஹோஸ் வெடித்திருந்தது. புதிதாகப் போட்ட மாடுலர் கிச்சன் பலகையெல்லாம் ஊதிப்போய்விட்டது. ஸம்ப் வறண்டு, மோட்டாரும் புகைந்துவிட்டது. கசிந்தால் தானே தண்ணீரை நிறுத்தும் கருவி அமெரிக்காவில் என் மகன் வீட்டில் இருக்கிறது. அதையே வாங்கி அனுப்பட்டுமா என்கிறான். எங்கள் மொட்டை மாடித் தொட்டிக்கு இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டும். அறுபதைத் தாண்டிய எங்கள் இருவராலும் அடிக்கடி ஏற முடியாது. என்ன செய்யலாம்?

பதில்: மகனிடம் இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். அவருடைய அக்கறையில் குறையில்லை. அந்தக் கருவி எந்த மாதிரி வீட்டுக்காகச் செய்யப்பட்டதோ, அந்த மாதிரி வீடு உங்களுடையது இல்லை.

அங்கே தெருக் குழாயின் அழுத்தத்திலேயே வீடு முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது. உள்ளே வருவது ஒரே குழாய். அந்த இடத்தில் ஒரு வால்வை வைத்துவிட்டால் மொத்த வீடும் அதன் கட்டுப்பாட்டில் வந்துவிடும். அந்த வகைக் கருவிகளில் சில, ராத்திரியில் வால்வை மூடி, குழாய்க்குள் அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்துச் சொட்டுக் கசிவைக்கூடக் கண்டுபிடித்துவிடும். நம் வீட்டில் தண்ணீர் ஸம்ப்பில் விழுந்து, மோட்டாரில் ஏறி, தொட்டியில் நின்று, அங்கிருந்து மூன்று நான்கு குழாய்களாகப் பிரிந்து இறங்குகிறது. அழுத்தமும் குறைவு. 10 மீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் (பார் என்பது அழுத்த அளவு). உங்கள் தொட்டி சமையலறைக் குழாய்க்கு மேலே 7 மீட்டரில் இருந்தால் 0.7 பார்தான் கிடைக்கும். பல பார் அழுத்தத்தை நம்பிச் செய்த கருவிக்கு இது போதாது. போதாக்குறைக்கு அங்கத்திய மரை வேறு, நம்மூர் மரை வேறு. டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றி பிளம்பர் எப்படியாவது பொருத்திக் கொடுத்துவிடுவார். பிறகு அந்த இணைப்பே கசியத் தொடங்கும்.

இனி, உங்கள் வீட்டில் அந்த இரண்டு நாளும் என்ன நடந்தது என்று பார்ப்போம். பொருளைத் தேர்ந்தெடுப்பதைவிட இது முக்கியம். அரை அங்குல ஹோஸ் ஒன்று முழுதாக அறுந்தால் நிமிடத்துக்குப் பத்து இருபது லிட்டர் போகும். 1000 லிட்டர் தொட்டி ஒரு மணி நேரத்திலோ இரண்டு மணி நேரத்திலோ காலியாகிவிடும். அத்தோடு நின்றிருந்தால் சேதம் பாதியோடு போயிருக்கும். ஆனால் தொட்டி இறங்கியதைப் பார்த்த ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர், தன் வேலையைச் சரியாகச் செய்து, மோட்டாரைப் போட்டது. தொட்டி நிறைந்தது, மறுபடி இறங்கியது, மறுபடி மோட்டார் ஓடியது. ஸம்ப் வறண்ட பிறகும் ஓடியதால் மோட்டாரின் காயில் (கம்பிச் சுருள்) கருகியது. ஆகவே உங்கள் வீட்டுக்கு இரண்டு பூட்டு வேண்டும். ஒன்று தொட்டியிலிருந்து இறங்கும் வழியில், இன்னொன்று மோட்டாரில்.

மோட்டார்ப் பூட்டுக்குச் செலவே இல்லை. வெளியூர் கிளம்பும்போது மின்பலகையில் அதற்கான எம்.சி.பி. சுவிட்ச்சை அணைத்துவிடுங்கள். எது வெடித்தாலும் ஒரு தொட்டித் தண்ணீரோடு நஷ்டம் நின்றுவிடும். வீட்டில் இருக்கும் நாட்களுக்கும் பாதுகாப்பு வேண்டுமென்றால், புது மோட்டார் போடும்போதே கன்ட்ரோலரில் இரண்டு வசதி கேளுங்கள்: தண்ணீர் இல்லாமல் ஓடினால் அணைக்கும் டிரை ரன் பாதுகாப்பு, குறித்த நேரத்துக்கு மேல் ஓடினால் அணைக்கும் டைமர். தொட்டி நிறைய அரை மணி ஆகுமென்றால் டைமரை நாற்பது நிமிடத்தில் வைக்கலாம். தினம் ஒரு முறை ஓடும் மோட்டார் இரண்டு முறை ஓட ஆரம்பித்தால், எங்கோ தண்ணீர் போகிறது என்று அர்த்தம். எந்த சென்சாரும் இல்லாத வீட்டுக்குக்கூட இந்த அடையாளம் கைகொடுக்கும்.

கருவிக்குக் காசு போடும் முன் ஹோஸ்களை மாற்றுங்கள். செல்போன் டார்ச்சை அடித்து ஒவ்வொரு சிங்க், வாஷ்பேசின், ஃபிளஷ் டேங்க், கீஸர், வாஷிங் மெஷின் இணைப்பையும் பாருங்கள். பின்னல் கம்பியில் பழுப்புப் புள்ளி இருக்கிறதா? விரலை மெதுவாக ஓட்டினால் அறுந்த இழை குத்துகிறதா? நட்டைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா? பின்னல் விட்ட இடத்தில் உள்ளே இருக்கும் ரப்பர் குழாய் சிறு கொப்புளமாகப் புடைத்திருந்தால், அதற்கு இன்னும் சில நாள்தான் ஆயுள். புதுச்சேரி, கடலூர் போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்றும் போர் தண்ணீரின் உப்பும் சேர்ந்து இந்தப் பின்னலை அரிக்கின்றன. கழிப்பறை கழுவும் ஆசிட்டைச் சிங்க்குக்குக் கீழே வைத்தால் அந்த ஆவியே கம்பியைத் தின்றுவிடும். அதை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். 304 தர ஸ்டீல் பின்னலும் பித்தளை நட்டும் உள்ள ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது. ஹோஸுக்கு முன்னால் உள்ள ஆங்கிள் காக் திருகினால் முழுதாக மூடுகிறதா என்றும் பாருங்கள். பல வீடுகளில் அது வருடக்கணக்கில் திருகப்படாமல் இறுகிக் கிடக்கும்.

அடுத்தது வால்வு. உங்கள் இருவரின் முழங்காலையும் மனதில் வைத்துச் சொல்கிறேன்: தொட்டியின் ஒவ்வொரு இறங்கு குழாயிலும் ஒரு மோட்டார் பால் வால்வு (மின்சாரத்தால் திரும்பும் பந்து வால்வு), அவை எல்லாவற்றுக்கும் சேர்த்து வாசல் கதவருகே ஒரே சுவிட்ச். செயலி, இணையம், சென்சார் எதுவும் இல்லாமல் இது ஒன்றே உங்கள் பிரச்சினையில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். விளக்கை அணைப்பதுபோல் தண்ணீரையும் அணைத்துவிட்டுக் கிளம்பலாம். சென்சாரைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

கடையில் மின்காந்தத்தால் இயங்கும் சோலனாய்டு வால்வைக் காட்டி, விலை குறைவு என்பார்கள். வேண்டாம். பெரும்பாலான சோலனாய்டு வால்வுகள் உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற ரப்பர்த் தகடு அசையத் தண்ணீரின் அழுத்தத்தையே நம்புகின்றன. தொட்டிக்குப் பக்கத்தில் அந்த அழுத்தம் இருக்காது. சரியாகத் திறக்காது, மணல் துகள் ஒன்று மாட்டினால் சரியாக மூடவும் செய்யாது. மோட்டார் பால் வால்வில் சிறு மோட்டார் ஒன்று பந்தைக் கால் சுற்றுத் திருப்புகிறது. மூடச் சில வினாடிகள் ஆகும், ஆனால் முழுதாக மூடும். திரும்பும்போது மட்டும்தான் மின்சாரம் எடுக்கும். குழாய் 1 அங்குலம் என்றால் வால்வும் 1 அங்குலம், துளை குறையாத ஃபுல் போர் வகை. சிறிய வால்வைப் போட்டு ரெடியூசர் வைத்தால் மாடிக் குளியலறை ஷவரில் தண்ணீர் நூலாகத்தான் விழும்.

கையால் திருப்பும் குமிழ் இல்லாத வால்வை வாங்கவே வாங்காதீர்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். மூடிய நிலையில் வால்வு நின்றுபோய்க் கரண்டும் இல்லையென்றால், தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குடிக்க வழியிருக்காது. கரண்ட் போனால் தானே மூடிக்கொள்ளும் வகையும் உண்டு. மின்வெட்டு உள்ள ஊரில் அது தினசரித் தொல்லை. இருந்த நிலையிலேயே நிற்கும் வகையை வாங்கி இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். வெயில், மழை, உப்புக் காற்று மூன்றையும் தாங்க வேண்டியிருப்பதால் தூசியும் நீரும் புகாத, ஐ.பி. 65 தரத்துக்குக் குறையாத பெட்டி வேண்டும். மேலே ஒரு தகர மூடியும் போட்டுவிடுங்கள்.

பொருத்தும் இடம் பற்றி பிளம்பரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. தொட்டியை ஒட்டி ஏற்கெனவே ஒரு கேட் வால்வு இருக்கும். அதைத் தாண்டி, காற்று போய்வரும் ஏர் வென்ட் குழாய் நிமிர்ந்து நிற்கும். மோட்டார் வால்வு இந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். வென்ட்டைத் தாண்டிப் போட்டால், மூடித் திறக்கும்போதெல்லாம் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். மாடியில் பிரஷர் பம்ப் வைத்திருக்கும் வீடுகளில், பம்புக்கு முன்னால் மூடினால் பம்ப் வெறுமனே ஓடிக் கெடும். பம்பைத் தாண்டித்தான் வால்வு வர வேண்டும், பம்பின் மின்சாரமும் சேர்ந்து அணைய வேண்டும். சோலார் ஹீட்டருக்குத் தண்ணீர் கொடுக்கும் குழாயில் வால்வு வேண்டாம். நாள்கணக்கில் வெயிலில் காய்ந்த கண்ணாடிக் குழாயில் திடீரென்று குளிர்ந்த நீர் பாய்ந்தால் விரிசல் விடும். ஹீட்டரிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் வெந்நீர்க் குழாயில், சூடு தாங்கும் வால்வாகப் பார்த்துப் போடுங்கள். ஒன்று விட்டுப்போகும்: பொதுப்பணித்துறைக் குழாய்த் தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் நேரே சமையலறைக்கு வரும் இணைப்பு உங்கள் வீட்டில் இருந்தால், மாடியில் எத்தனை வால்வு போட்டாலும் அது தனி வழி. அதற்குத் தரைமட்டத்திலேயே கையால் மூடும் பால் வால்வு போதும்.

சென்சாருக்கு வருவோம். தரையில் வைக்கும் சென்சாரின் அடியில் இரண்டு உலோக முனைகள் இருக்கும். தண்ணீர் அவற்றை இணைத்ததும் வால்வுக்கு ஆணை போகும். சிங்க் அலமாரிக்குள், ஆர்.ஓ. மெஷினுக்குக் கீழே, வாஷிங் மெஷினுக்குப் பின்னால், இந்த மூன்று இடம் போதும். குளியலறையில் வைத்துப் பயனில்லை. வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வழக்கம் இருந்தால், தரையில் அல்லாமல் அலமாரியின் அடிப்பலகை மேல் வையுங்கள். இணையம் வழியாகச் சுற்றிப் போகாமல் சென்சாரும் வால்வும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் வகையே நல்லது. ரூட்டர் அணைந்திருக்கும் நேரம் பார்த்து ஹோஸ் வெடிக்காமல் இருக்கப்போவதில்லை. பேட்டரியை வருடம் ஒரு முறை, ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, மாற்றிவிடுங்கள்.

குழாய்க்குள் ஓட்டத்தை அளந்து, இருபது நிமிடம் விடாமல் ஓடினால் மூடும் வகையும் உண்டு. அண்டா, டிரம் எல்லாம் நிரப்பி, செடிக்கும் ஊற்றும் வீட்டில் அது நடுநடுவே மூடிக்கொண்டே இருக்கும். உள்ளே சுழலும் சக்கரத்தை மணலும் உப்புப் படிவும் பிடித்துக்கொள்ளும். மெல்லிய கசிவில் அந்தச் சக்கரம் சுற்றவே சுற்றாது. உங்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

தரைத்தளம் என்பதால் இன்னொன்று. சென்சாருக்கு மழைத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் ஒன்றுதான். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையில் நகரின் பல தெருக்கள் மூழ்கின. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வருவது புதிதல்ல. அப்படிப்பட்ட நேரத்தில் வால்வு மூடிக்கொண்டால் பயப்படாமல் சென்சாரை எடுத்து மேலே வைத்துவிட்டு, கையால் திறந்துகொள்ளுங்கள்.

எந்தக் கருவியாலும் முடியாத வேலையையும் சொல்லிவிட வேண்டும். கீழ்த்தளக் கூரையில் ஓதம் படர்ந்தால், பெரும்பாலும் அது மேலே உள்ள குளியலறையின் கழிவுக் குழாயிலோ டைல்ஸ் இடுக்கிலோ இறங்கும் தண்ணீர். அங்கே மூடுவதற்கு வால்வு கிடையாது. யாரும் குளிக்காத நாட்களில் ஓதம் காய்ந்தால் அது கழிவுப் பக்கக் கோளாறு. எப்போதும் ஒரே மாதிரி ஈரமாக இருந்தால் தண்ணீர்க் குழாயைச் சந்தேகியுங்கள்.

சொட்டுக் கசிவைப் பிடிக்கப் பழைய வழிகளே போதும். ராத்திரி மோட்டாரை அணைத்து, குழாய்களையெல்லாம் மூடிவிட்டு, தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பார்க்கச் சொல்லுங்கள். ஏணி ஏறுவதற்கு பிளம்பர் வரும் நாளையே பயன்படுத்திக்கொள்ளலாம். 1000 லிட்டர் உருளைத் தொட்டியில் 1 சென்டிமீட்டர் இறங்கினால் எட்டு ஒன்பது லிட்டர் போயிருக்கிறது. ஃபிளஷ் டேங்க்கில் ஒரு சிட்டிகை கேசரி பவுடரைக் கரைத்து அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே வாஷர் போய்விட்டது. வினாடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளைக்கு ஏறத்தாழ 20 லிட்டர் வீணாகிறது.

வேலை முடிந்து பணம் கொடுக்கும் முன், சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, சென்சார் மேல் அரை டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஓட்டம் உடனே நிற்காது. வால்வு மூடிய பிறகும் இறங்கு குழாயில் நிற்கும் மூன்று நான்கு லிட்டர் வழிந்துதான் தீரும். அதன் பிறகு ஒரு சொட்டுகூட வரக் கூடாது. வந்தால், விட்டுப்போன இறங்கு குழாய் ஒன்று இருக்கிறது என்று பொருள். பிளம்பரை அங்கேயே நிறுத்தி அதைத் தேடச் சொல்லுங்கள். இறுதியாகக் கரண்டை அணைத்துவிட்டு, கைக்குமிழால் வால்வைத் திறந்து மூடிக் காட்டச் சொல்லுங்கள். நம் தண்ணீரின் உப்பு பந்தைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, மாதம் ஒரு முறை வாசல் சுவிட்ச்சைப் போட்டு அணைத்து வாருங்கள்.