பேட்டரி இல்லாத அட்டை எப்படிப் பதில் சொல்கிறது?

மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறும்போது வைக்கிற அட்டையில் பேட்டரியே இல்லையே, அது எப்படி வேலை செய்கிறது, போனில் இருக்கும் என்எஃப்சியும் (கிட்டே வைத்தாலே தகவல் பரிமாறும் வசதி) அதேதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடிப்படை ஒன்றுதான். அட்டைக்குள் ஒரு கம்பிச் சுருளும் கடுகளவு சிப்பும் இருக்கின்றன. ரீடர், அதாவது அட்டையைப் படிக்கும் கருவி, 13.56 மெகாஹெர்ட்ஸில் துடிக்கிற காந்தப் புலத்தை உண்டாக்கும், அதற்குள் சுருள் வந்ததும் அதில் மின்சாரம் தூண்டப்படும், டிரான்ஸ்ஃபார்மரில் நடக்கிற அதே விஷயம், அந்தச் சொற்ப மின்சாரத்திலேயே சிப் விழித்துக்கொள்ளும். சரி, பதில்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம்: அட்டை தானாக எந்த அலையையும் அனுப்புவதில்லை. தன் சுருளின் மின்சுமையை, அதாவது அது இழுக்கிற மின்சக்தியை, கூட்டிக் குறைக்கிறது, அதனால் ரீடரின் புலம் லேசாக அசைகிறது, அந்த அசைவைத்தான் ரீடர் படிக்கிறது.

தூரம் கூடக்கூட இந்தப் புலம் மளமளவென்று குறைந்துவிடும், அதனால்தான் சுமார் 4 சென்டிமீட்டருக்குள் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

போன் இரண்டு வேஷமும் போடும். டேகை (இதே மாதிரி சுருளும் சிப்பும் உள்ள சின்ன ஸ்டிக்கர்) படிக்கும்போது ரீடர், கடையில் பணம் கட்டும்போது அட்டை.

அப்புறம், சாதாரண டேகை இரும்பு அலமாரியில் ஒட்டாதீர்கள். எங்கள் வீட்டில் ஒட்டிப் பார்த்தேன், போன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, உலோகம் புலத்தைக் கெடுத்துவிடுகிறது. உலோகத்தில் ஒட்ட, புலத்தை அதிலிருந்து காக்கும் ஃபெரைட் படலம் வைத்த டேக் வாங்குங்கள்.