ஆறாம் மாத ஊசிக்குப் பிறகு வலிப்பு: நட்டஈடு கேட்க முடியுமா?

கேள்வி: “ஆறாம் மாத ஊசி போட்ட மறுநாள் மகனுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. இப்போது ஒன்றரை வயது, இன்னும் நடக்கவில்லை. நுவரெலியாப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். கேஸ் போட்டால் நட்டஈடு கிடைக்குமா?”

கேஸ் போடலாம். ஆனால் “ஊசிக்குப் பிறகு வந்தது” என்பதை மட்டும் வைத்து ஒரு சதமும் வாங்க முடியாது. ஃபேஸ்புக்கில் சுற்றும் கோடிக்கணக்கு நட்டஈட்டுக் கதைகள் அமெரிக்காவுடையவை. அங்கே 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனி நிதி இருக்கிறது. ஒரு டோஸ் தடுக்கும் நோய் ஒவ்வொன்றுக்கும் 75 அமெரிக்கச் சதம் வரி பிடித்து அதில் சேர்க்கிறார்கள், யார் பிழை என்று காட்டாமலே கேட்கலாம். இலங்கையில் அப்படி எதுவும் இல்லை. இங்கே சாதாரண கவனயீன வழக்குத்தான். இன்னார் பிழை விட்டார், அந்தப் பிழையால்தான் பிள்ளைக்கு இது வந்தது என்ற இரண்டையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

முதலில் நாட்கணக்கு. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான், அது முடிந்த கதை. கவனயீன வழக்குக்கு 2 வருடம், அதில் உங்களுக்கு ஒரு வருடம் போய்விட்டது. பிள்ளையின் சொந்த உரிமைக்கு, வயது வராதவர் என்பதால், காலம் ஓடாது என்று வாதிடலாம். ஆனால் நீங்கள் செலவழித்த காசுக்கு அந்தச் சலுகை இல்லை. ஊசி போட்டது அரசாங்கக் குடும்பநல மாது என்றால் எதிராளி சட்டமா அதிபர். 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி விடுகிறது. எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதம் கழிந்த பிறகே வழக்குத் தாக்கல் செய்யலாம். ஆகவே 23ஆம் மாதத்தைத் தாண்டிச் சட்டத்தரணியிடம் போனால் கதவு பாதி மூடியிருக்கும். தோட்டக் கம்பனி சம்பளம் கொடுக்கும் ஆள் போட்டிருந்தால் எதிராளி கம்பனி. யார் போட்டது என்பதை இப்போதே எழுதி வையுங்கள்.

இனிக் கடுதாசிகள். பிள்ளையின் கிளினிக் புத்தகத்தில் தடுப்பூசிப் பக்கத்தை விரித்துப் பாருங்கள். திகதிக்குப் பக்கத்தில் பேட்ச் நம்பர் எழுதியிருக்க வேண்டும். பாதக விளைவு எழுதும் இடம் வெறுமையாக இருந்தால், வலிப்பைப் பற்றி சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகத்துக்கு யாருமே அறிவிக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். தாமதமானாலும் இன்றே எழுத்தில் அறிவியுங்கள், பிரதியில் சீல் வாங்குங்கள். அறிக்கைக்கு வலு உண்டு. 2008 ஜனவரியில் பென்டாவேலன்ட், அதாவது ஆறாம் மாதத்திலும் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசி, இங்கே வந்தபோது, மரணங்களும் பிள்ளைகள் துவண்டுபோன சம்பவங்களும் பதிவானதால்தான் அதை நிறுத்தி ஆராய்ந்தார்கள். நிபுணர் ஆய்வுக்குப் பிறகு 2010இல் திரும்பத் தொடங்கினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடும்போது தரும் டயக்னோசிஸ் காட் மட்டும் போதாது. வார்டில் மணிக்கு மணி எழுதிய பெட் ஹெட் டிக்கட் வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஆஸ்பத்திரித் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். மருத்துவப் பதிவு என்று சொல்லி மறுப்பார்கள், அதனால் பெற்றோரின் எழுத்துச் சம்மதத்தையும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இனிக் கசப்பான பகுதி. என்ன பிழை நடந்தது என்று சொல்வீர்கள்? “ஃபிரிஜ் பழுது” என்றால், உறைந்த பென்டாவேலன்ட் வீரியம் இழக்கும், ஊசி போட்ட இடத்தில் கட்டி வரலாம். வலிப்புக்கு அது விளக்கமாகாது. ஊசிக்குப் பிறகு காய்ச்சலும் அதோடு வலிப்பும் வருவது கவனயீனம் இல்லாமலே நடக்கக்கூடியது. நான் தேடுவது வேறு இரண்டு. நாலாம் மாத ஊசிக்குப் பிறகும் வலிப்போ மயக்கமோ வந்து, மாதுவிடம் சொல்லியும் அதே ஊசியைப் போட்டார்களா? மறுநாள் வலிப்பு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றத் தாமதித்தார்களா? இரண்டாவதற்கு பெட் ஹெட் டிக்கட்டில் உள்ள நேரங்களே சாட்சி. பல நேரம் உண்மையான கேஸ் ஊசியில் இல்லை, இந்தத் தாமதத்தில்தான் இருக்கும்.

எதிர்த்தரப்பு டிராவெட் நோயைக் கொண்டுவரும். அது மரபணு மாற்றத்தால் கைக்குழந்தை வயதிலேயே தொடங்கும் கடுமையான வலிப்பு நோய். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஊசியால் மூளை பாதித்ததாகச் சொல்லப்பட்ட 14 பேரில் 11 பேருக்கு எஸ்.சி.என்.1.ஏ என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது. காய்ச்சல் வலிப்பை எழுப்பியிருக்கலாம், நோய் பிறவியிலேயே இருந்தது. நரம்பியல் வைத்தியரிடம் இதை நீங்களே கேளுங்கள், கேஸுக்காக மட்டுமல்ல. டிராவெட் என்றால் கார்பமாசெபைன் போன்ற சில வலிப்பு மருந்துகளே வலிப்பைக் கூட்டும்.

பிரியானி சொய்சா எதிர் ஆர்சகுலரத்ன வழக்கை எந்தச் சட்டத்தரணியும் உங்களுக்குச் சொல்வார். பிள்ளை வைத்தியரின் கவனயீனத்தால் மகள் இறந்தாள் என்று தந்தை போட்ட வழக்கு அது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. 2001இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது, பிழைக்கும் பிள்ளையின் மரணத்துக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று. உங்கள் பக்கம் பேசும் நிபுணர் இல்லாமல் இந்த ஆற்றைத் தாண்ட முடியாது. “தடுப்பூசிக்கு எதிராக எழுதுகிறான்” என்று பாய வருகிறவர்கள் இந்தப் பகுதியைத் திரும்ப வாசியுங்கள். அடுத்த ஊசியைப் போட வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை, அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

பெற்றோரின் துக்கத்துக்கு இங்கே காசு இல்லை. மருந்து, ஆட்டோக் கூலி, இனிச் செய்ய வேண்டிய பராமரிப்பு, பிள்ளையின் எதிர்கால உழைப்பு, அவன் படும் வேதனை, இவற்றுக்குத்தான். ஆஸ்பத்திரிக்கு அலைந்து விட்டுப்போன பேர்களை, அதாவது வேலை நாட்களை, செக்ரோலில் (தோட்ட வேலைப் பதிவேட்டில்) பார்த்து எழுதித் தரும்படி தோட்ட ஆபீசில் கேளுங்கள்.

இதைச் சொல்லாமல் விட மனமில்லை. நம் பிள்ளைகளின் பெயரைச் சிங்களத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, கிளினிக் புத்தகத்தில் ஒன்று, டயக்னோசிஸ் காட்டில் இன்னொன்று. பிழை விட்டது எழுதியவர், சத்தியக் கடதாசிக்குக் காசு கொடுப்பது நாம். மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று இப்போதே ஒன்று முடித்து வையுங்கள்.

சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்குப் பிரதேச செயலகத்தில் தனியாக விண்ணப்பியுங்கள், அங்கே யார் பிழை என்று கேட்க மாட்டார்கள்.