மல்பெரித் தோட்டத்தை அடகு வைக்காதீர்கள்

ஐயா, போன வாரம் நீங்களும் உங்கள் மைத்துனரும் ஒரு மணி நேரம் பேசினீர்கள். உங்கள் மகள் பாப்பா வாயே திறக்கவில்லை. நீட்டில் இரண்டு முறையும் மதிப்பெண் போதவில்லை, தோட்டத்தை அடகு வைத்து வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படிக்க அனுப்பலாமா என்று கேட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்து "யோசிப்போம்" என்று சொல்லிவிட்டேன். அது என் தவறு. வேண்டாம்.

அங்கே படித்துத் திரும்பினாலும் இங்கே தேர்வு எழுதித் தேறி, பயிற்சிக் காலத்தையும் முடித்தால்தான் மருத்துவராகப் பதிய முடியும். அதுவரை வட்டி கட்டப்போவது நீங்கள். டாக்டருக்கு மாமா என்று சொல்லிக்கொள்ளப்போவது மைத்துனர்.

கிளம்பும்போது பாப்பா ஒரு மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டினாள். நீங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தீர்கள். கூடு கட்டும் பருவத்துப் பட்டுப்புழுவை வினிகரில் ஊறவைத்து, கீறி, பட்டுச் சுரப்பியை இரு முனையிலும் பிடித்து இழுத்திருக்கிறாள். கொழகொழவென்று இருந்தது முழ நீளத்துக்கு நரம்பாக விறைத்துவிட்டது. ஸ்பெயினின் முர்சியாவில் அந்தக் காலத்தில் தூண்டில் நரம்பை இப்படித்தான் செய்தார்கள் என்று எங்கோ படித்தாளாம். "இழுத்தால் ஏன் சார் கெட்டியாகிறது?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு துறையே இருக்கிறது. புழுவின் பட்டுச் சுரப்பியில் ஃபைப்ராயின் என்ற புரதம் நீரில் கரைந்த கூழாகக் கிடக்கிறது. வாய் நோக்கி நகரும்போது அமிலத்தன்மை ஏறுகிறது. புழு தலையை எட்டுப் போட்டு ஆட்டி இழுக்கிறது. உடனே புரதச் சங்கிலிகள் மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவுப் படிகங்களாகத் தாமே பூட்டிக்கொள்கின்றன. நைலானை நூலாக்க 250 டிகிரி போலச் சூடு வேண்டும். புழு கூடு கட்டும் உங்கள் சந்திரிகைத் தட்டில் சாதாரண வெப்பத்திலேயே அது நடக்கிறது. ஆய்வகத்தில் கூட்டைச் சலவைச் சோடா கரைத்த நீரில் கொதிக்கவைத்துப் பசையை நீக்குகிறார்கள், லித்தியம் புரோமைடில் கரைக்கிறார்கள், சவ்வுப் பையில் கட்டி இரண்டு மூன்று நாள் நீரில் போட்டு உப்பை வெளியேற்றுகிறார்கள். மிஞ்சும் கரைசலிலிருந்து படலம், பஞ்சு, மருந்து சுமக்கும் நானோ துகள் எல்லாம் வருகின்றன. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் கப்லானின் குழு பல ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறது.

இதற்கு வழி மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக்கல்லூரியில் பட்டுப்புழுவியல் இளநிலைப் பட்டம், நான்கு ஆண்டு. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும், நீட் வேண்டாம். அதே பல்கலைக்கழகத்தின் கோவை வளாகத்தில் நானோ அறிவியலுக்குத் தனிப் பிரிவும் உண்டு. "பூச்சி வளர்க்கவா படிக்க வைத்தோம்" என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். பட்டுப் புடவை கட்டிக்கொண்டுதான் சிரிப்பார்கள்.

இனிப்பாகப் பேசி அனுப்ப மாட்டேன். முனைவர் பட்டம் வரை ஒன்பது பத்து ஆண்டு ஆகும். அரசு வேலைக்கு உத்தரவாதம் இல்லை. தேசியத் தகுதித் தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாய் வரும். அது வரும் வரை கல்லூரி, விடுதிச் செலவை உங்கள் பட்டுக்கூட்டு வருமானத்துக்குள் அடக்க வேண்டும். இளநிலைக்கு ஒரு சென்ட் நிலம்கூட அடகுக்குப் போகக் கூடாது. போகும் என்றால் இந்தப் படிப்பும் வேண்டாம் என்பேன்.

விண்ணப்பம் போடும் நாளில் பாப்பாவை அழைத்து வாருங்கள். அந்த டப்பாவும் வரட்டும். மைத்துனர் வர வேண்டாம்.