ஸ்பாரிங்குக்கு முன் எதை வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது?

கேள்வி: வயது 33, எடை 74 கிலோ. 2008-ல் பெய்ஜிங்கில் விஜேந்தர் சிங் வெண்கலம் வாங்கியதிலிருந்து குத்துச்சண்டை என்றால் எனக்கு உயிர். 1980-ல் நேரு ஸ்டேடியத்தில் முகமது அலியைப் பார்த்த கதையை அப்பா இன்றும் சொல்வார். போன வாரம் ஒரு பயிற்சிக்கூடத்தில் சேர்ந்தேன். கிளவுஸ், ஹெட்கார்டு, ஷூ, மவுத் கார்டு எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய்க்கு ஒரு 'செட்' இருக்கிறது, அதை வாங்கிவிட்டால் அடுத்த மாதமே ஸ்பாரிங்கில் (இன்னொருவரோடு மோதிப் பழகும் பயிற்சிச் சண்டையில்) இறக்கிவிடுவோம் என்கிறார்கள். வாங்கலாமா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: வேண்டாம். செட்டும் வேண்டாம், அடுத்த மாத ஸ்பாரிங்கும் வேண்டாம்.

முதல் மாதத்துக்கு உங்களுக்குத் தேவை இரண்டு ஜோடி ஹேண்ட் ராப் (கிளவுஸுக்குள் கையில் சுற்றிக்கொள்ளும் துணிப் பட்டை), ஒரு ஸ்கிப்பிங் கயிறு. அவ்வளவுதான். ராப் 180 அங்குலம், அதாவது நாலரை மீட்டர் இருக்கட்டும். 120 அங்குலம் பெரியவர் கைக்குப் பற்றாது. மணிக்கட்டைச் சுற்றினால் விரல் முட்டிக்கு மிச்சம் இருக்காது. ஒன்று துவைத்துக் காயும்போது இன்னொன்று வேண்டும் என்பதால்தான் இரண்டு ஜோடி. தப்பாகக் குத்தினால் முதலில் உடைவது பெரும்பாலும் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்புதான். அதைக் காப்பது ராப்பும், மாஸ்டர் சொல்லித்தரும் கை நேர்த்தியும்.

இரண்டாம் மாதம் பேக் (தொங்கவிட்ட குத்துப் பை) அடிக்க 12 அவுன்ஸ் கிளவுஸ் வாங்குங்கள். அவுன்ஸ் என்பது அளவு என்று நினைத்து, 'எனக்குச் சின்னக் கை, 10 போதும்' என்று கேட்டு வாங்குகிறவர்கள் நிறைய. அது எடை. ஒரு அவுன்ஸ் 28 கிராமுக்குக் கொஞ்சம் மேல். 12 அவுன்ஸ் கிளவுஸ் ஒன்று சுமார் 340 கிராம் இருக்க வேண்டும், 16 என்றால் சுமார் 450. சந்தேகம் வந்தால் மளிகைக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். 16 என்று அச்சடித்திருப்பது 380 கிராம்தான் காட்டினால், குறைந்திருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்க வேண்டிய பஞ்சுதான். கிளவுஸைப் போட்டுக்கொண்டு, முட்டி வரும் இடத்தை மறு கையின் கட்டைவிரலால் அழுத்துங்கள். எலும்பு தட்டுப்பட்டால் எந்த பிராண்டானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெளிநாட்டுப் பெயர்தான் வேண்டும் என்பதில்லை; மீரட், ஜலந்தர் சரக்கிலும் நல்லது கிடைக்கும். பில் மட்டும் கேட்டு வாங்குங்கள்.

ஸ்பாரிங்குக்கு உங்கள் எடையில் 16 அவுன்ஸ்தான். அதையும் மாஸ்டர் 'தயார்' என்று சொல்லும் நாளில் வாங்கினால் போதும். பேக் அடிக்கும் கிளவுஸோடு ஸ்பாரிங் வேண்டவே வேண்டாம். பேக்கில் அடித்து அடித்து பஞ்சு இறுகி, மாதங்கள் போகப் போக அது கட்டையாகிவிடும். பல வருடம் முன்பு, அவசரத்தில் என் பழைய 12 அவுன்ஸைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். எதிரில் நின்றவர் என் தம்பி மாதிரி. இரண்டாவது ரவுண்டில் அவர் புருவம் கிழிந்தது. இன்றும் அந்தத் தழும்பைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. 16 அவுன்ஸ் கிளவுஸை எதிரில் நிற்பவருக்காக வாங்குகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹெட்கார்டை நம்பி தைரியம் கொள்ள வேண்டாம். 1984 ஒலிம்பிக்ஸில் அது கட்டாயமானது. 2016 ரியோவில் ஆண்களுக்கு எடுத்தே விட்டார்கள். கிழிசலையும் வீக்கத்தையும் அது குறைக்கும், அதனால் பயிற்சியில் போடுங்கள். ஆனால் குத்து விழும்போது மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது தடுக்காது.

அப்பா பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை. அன்று அலியோடு மேடையேறியவர் ஜிம்மி எல்லிஸ். இருவரும் லூயிவில் ஊர்க்காரர்கள், எல்லிஸ் பல காலம் அலியின் ஸ்பாரிங் கூட்டாளி. அவரும் சாம்பியன்தான்; 1968-லிருந்து 1970 வரை ஹெவிவெயிட் பட்டங்களில் ஒன்றை வைத்திருந்தவர். ஒருவர் கையை இன்னொருவர் வருடக் கணக்கில் அறிந்த இரண்டு பேரைத்தான் மெட்ராஸ் அன்று பார்த்தது. நல்ல ஸ்பாரிங்குக்கு அந்தப் பழக்கம் வேண்டும். சேர்ந்து ஒரு மாதத்தில், பெயர்கூடத் தெரியாத ஒருவரோடு அது வராது.

கேள்வி: ஏழு மாதமாகப் பயிற்சி. பேக்கில் ஆறு ரவுண்டு அடிப்பேன். ஸ்பாரிங்கில் மட்டும் ஒரே நிமிடத்தில் மூச்சு போய்விடுகிறது. மூச்சை அடைக்கும் டிரெய்னிங் மாஸ்க் போட்டுக்கொண்டு ஓடினால் மலை உச்சியில் பயிற்சி எடுத்த மாதிரி என்று நண்பர் சொல்கிறார். வாங்கட்டுமா? (திருவொற்றியூர் வாசகர்)

பதில்: அந்தப் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும். மலை உச்சியில் காற்றே மெலிந்திருக்கும். ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. மாஸ்க் அதே காற்றை இழுக்கச் சிரமப்படுத்துகிறது. இரண்டும் ஒன்றல்ல.

உங்கள் நுரையீரலில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆறு ரவுண்டு பேக் அடிப்பவருக்கு ஒரு நிமிடத்தில் மூச்சு போகிறதென்றால், பயத்தில் தோளை இறுக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்துவைக்கிறீர்கள். பேக் திருப்பி அடிக்காது, மனுஷன் அடிப்பான். அந்த வித்தியாசம் உடம்புக்குத் தெரிகிறது. ஒவ்வொரு குத்துக்கும் 'ஸ்ஸ்' என்று மூச்சை வெளியே விடுங்கள். அடி வாங்கும்போதும் விடுங்கள். இதை ஷேடோ பாக்ஸிங்கிலேயே (எதிரில் ஆள் இல்லாமல் காற்றில் குத்திப் பழகும்போதே) பழக்க வேண்டும்.

மாஸ்டரிடம் படிப்படியாகக் கேளுங்கள். இரண்டு வாரம் இருவருமே ஜாப் (முன் கையால் போடும் நேர்க் குத்து) மட்டும். அடுத்து ஒருவர் அடிக்க, மற்றவர் தடுக்க மட்டும். பிறகு உடம்புக்கு மட்டும், தலைக்கு இல்லை. அதற்கப்புறம் முழு ஸ்பாரிங், அதுவும் பாதி வேகத்தில், வாரம் ஒரு முறை. பழைய கை ஒருவர் உங்களைத் தாங்கி விளையாடுவதுதான் உங்களுக்கு நல்லது. உங்களைப் போலவே பயந்த புதியவரோடு விட்டால் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு வீசுவீர்கள்.

கூடவே வாரம் மூன்று நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஐந்து கிலோமீட்டர், ஒரு நாள் மூன்று நிமிடம் வேகம், ஒரு நிமிடம் நடை என்று ஆறு முறை. ரவுண்டின் கணக்கும் அதுதான். நான் வைக்கும் சோதனை இது: ஸ்கிப்பிங் மூன்று ரவுண்டு, ஷேடோ மூன்று, பேக் நான்கு, நடுவில் ஒரு நிமிட ஓய்வு மட்டும். கடைசி பேக் ரவுண்டின் கடைசி அரை நிமிடத்திலும் குத்திய கை தாடைக்குத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். கை இடுப்புக்கு இறங்கினால் முழு ஸ்பாரிங்குக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நம் ஊர் வெக்கையில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் உடம்பிலிருந்து போனது கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர். அதைக் கொழுப்பு கரைந்ததாக நினைத்துச் சந்தோஷப்படாமல் குடித்து ஈடுகட்டுங்கள்.

தலையில் அடி விழுந்து தலைவலி, வாந்தி, மங்கலான பார்வை, சற்று முன் நடந்தது மறப்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது விழுவது உயிருக்கே ஆபத்து. அமெச்சூர் போட்டிகளில் தலைக்குத்தில் நாக்-அவுட் ஆனவரைக் குறைந்தது 30 நாள் ரிங்குக்குள் விடமாட்டார்கள். அங்கே கேட்க ஆள் இருக்கிறது. உங்கள் பயிற்சிக்கூடத்தில் 'போதும்' என்று சொல்லி ஸ்பாரிங்கை நிறுத்துவது யார்? அப்படி யாரும் ரிங் ஓரத்தில் நிற்பதில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

கேள்வி: பாக்ஸிங் கற்றுக்கொள்ள ஒரு வருடத்துக்கு 24,000 ரூபாய் மொத்தமாகக் கட்டினேன். மூன்றாவது மாதம் மாஸ்டர் போய்விட்டார், வேறு ஆளும் போடவில்லை. 'மெஷின் இருக்கிறதே, பண்ணுங்கள்' என்கிறார்கள். ரசீதில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று இருக்கிறது. (தாம்பரம் வாசகி)

பதில்: அந்த வரியைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள். நீங்கள் பணம் கட்டியது பாக்ஸிங் பயிற்சிக்கு. அது நின்றுபோனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. ரசீதில் எதை அச்சடித்தாலும் அந்த உரிமை போகாது.

மீதி மாதங்களுக்கான தொகையைக் கணக்குப் போட்டு, 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் உங்கள் வீடு இருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் முடியும். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். அடுத்த இடத்தில், எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும், மாதா மாதம் கட்டுங்கள்.

கேள்வி: கண்ணாடி பவர் மைனஸ் 7. லென்ஸ் போட்டுக்கொண்டு ஸ்பாரிங் செய்யலாமா? (காசிமேடு வாசகர்)

பதில்: முதலில் கண் மருத்துவரிடம் போய், சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். குத்துச்சண்டைக்காக என்று சொல்லியே கேளுங்கள். இவ்வளவு மைனஸ் பவர் உள்ள கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்க வாய்ப்பு அதிகம். குத்து விழுந்தால் அது கிழியலாம், பிரிந்தும் போகலாம். அவர் வேண்டாம் என்றால் ஸ்பாரிங்கை விட்டுவிடுங்கள். ஸ்கிப்பிங், பேக், மிட்ஸ் (மாஸ்டர் கையில் பிடிக்கும் குத்துத் திண்டு), ஷேடோ இவற்றிலும் எவையெல்லாம் செய்யலாம் என்று அவரிடமே கேட்டு வாருங்கள்.