ட்ரெய்லர் கட் பத்தி கேளுங்க, பத்து மணி வரைக்கும் இருக்கேன்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிற பசங்க ஷார்ட் ஃபிலிமும் கல்யாண வீடியோவும் வெட்டித்தான் என் பொழப்பு ஓடுது. கேளுங்க.

கேள்வி: அண்ணா, எங்களது பேய் படம், 18 நிமிஷம். ட்ரெய்லர் பாத்த ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சிரிக்கிறாங்க.

பதில்: நீ அனுப்பினத பாத்தேன் தம்பி, நானும் சிரிச்சேன், தப்பா நினைக்காத. எடுத்த எடுப்புலயே பவுடர் அப்பின பேய் மூஞ்சிய காட்டிட்ட, அப்புறம் எவன் பயப்படுவான். அதவிட நல்ல ஷாட் உன்கிட்ட இருக்கு, பாட்டி ட்ரங்க் பெட்டிய தொறந்துட்டு மெதுவா தலைய திருப்புறாங்கல்ல, அது. அங்க பிஜிஎம்ம தூக்கிடு, ஃபேன் சத்தம் மட்டும் ஓடட்டும், பாட்டி முழுசா திரும்புறதுக்கு ஆறு ஃப்ரேம் முன்னாடி வெட்டி பிளாக் போடு. 24 எஃப்பிஎஸ்ல, அதாவது செகண்டுக்கு 24 ஃப்ரேம் ஓடுறப்ப, அது கால் செகண்டுதான், ஆனா மீதி மூஞ்சிய பாக்குறவனே மனசுல வரைஞ்சுக்குவான். பிளாக் வந்தவுடனே டமால்னு வைக்காத, அத எல்லாரும் எதிர்பாப்பாங்க. ஒன்றரை செகண்ட் விட்டுட்டு பெட்டி மூடுற சத்தம், போதும்.

கேள்வி: அப்போ காமெடிக்கு?

பதில்: அதே பாட்டி ஷாட்டையே எடுத்துக்கோங்க. இங்க சீக்கிரம் வெட்டக் கூடாது, முழுசா திரும்பவிட்டு முழிக்கிற மூஞ்சிய இன்னும் ஒரு செகண்ட் பிடிச்சு வைங்க, வெளியில இருந்து "பாட்டி, பல்செட்டு உன் வாயிலதான் இருக்கு"ன்னு ஒரு குரல், கட். ரஷ்யாவுல குலெஷோவ்னு ஒரு டைரக்டர் நூறு வருஷம் முன்னாடியே ஒரு நடிகரோட ஒரே மூஞ்சிய சூப் கிண்ணத்துக்குப் பக்கத்துலயும் சவப்பெட்டிக்குப் பக்கத்துலயும் ஒட்டிக் காட்டினாரு, ஒண்ணுல பசி தெரியுது இன்னொண்ணுல துக்கம் தெரியுதுன்னாங்களாம். செமஸ்டர்ல எழுதுறீங்க, எடிட் பண்ண உக்காந்தா மறந்துடுறீங்க. அப்புறம், படத்துலயே பெரிய ஜோக்க ட்ரெய்லர்ல வைக்காதீங்க, ரெண்டாவது மூணாவது ஜோக் போதும்.

கேள்வி: த்ரில்லர் ப்ரோ. ஒரு நிமிஷத்துல 70 கட் வச்சிருக்கேன், ஆனா விறுவிறுப்பு வரல.

பதில்: எல்லாமே வேகமா ஓடினா எதுவுமே வேகமா தெரியாது. முதல் 40 செகண்டுக்கு பத்து ஷாட் போதும், ஆள் யாரு, என்ன காணாமப் போச்சு, அவ்ளோதான். கடைசி 20ல உங்க ஆட்டத்த ஆடுங்க. கொலைகாரன் கைய காட்டலாம், வாட்ச்ச காட்டாதீங்க, கதையே அந்த வாட்ச்லதான இருக்கு.

கேள்வி: லவ் சப்ஜெக்ட், ஹிட் பாட்டு ஒண்ணு போட்டுக்கலாமா அண்ணா? காலேஜ் ப்ராஜெக்ட்தான.

பதில்: வேணாம்மா. யூட்யூப்ல காப்பிரைட் பாட்ட தானா கண்டுபிடிக்கிற கன்டென்ட் ஐடி சிஸ்டம் பிடிச்சுக்கும், காலேஜ் ப்ராஜெக்டா இல்லையான்னு அதுக்குத் தெரியாது. ஃபெஸ்டிவலுக்கு அனுப்பினாலும் ரைட்ஸ் எங்கன்னு கேப்பாங்க. கிளாஸ்ல கீபோர்டு வாசிக்கிற பையன் ஒருத்தன் இல்லாமயா இருப்பான். டயலாக்க மட்டும் கொஞ்சம் முன்னாடி இழுத்து வை, பையன் பஸ்ல உக்காந்திருக்கும்போதே பொண்ணு குரல் கேக்கட்டும், அப்புறமா அவ மூஞ்சி வரட்டும்.

கேள்வி: சவுண்ட் லெவல் எவ்ளோ சார்?

பதில்: யூட்யூப்னா மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் பக்கம், எல்யுஎஃப்எஸ்னா காதுக்கு எவ்ளோ சத்தமா கேக்குதுன்னு அளக்குற அளவு. அதுக்கு மேல ஏத்தினா அதுவே குறைச்சுடும்.

கேள்வி: எங்க படம் பேய், காமெடி, த்ரில்லர்ல எந்த ஜானர்னு (எந்த வகைன்னு) எங்க டீமுக்குள்ளயே சண்டை அண்ணா.

பதில்: ட்ரெய்லர் ஆடியோவ மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணி, படம் பாக்காத ஒருத்தருக்கு ஹெட்செட்ல போட்டு விடு. அவங்க என்ன படம்னு சொல்றாங்களோ அதுக்கு போஸ்டர் அடி. சரி, டெலிவரி ஒண்ணு பாக்கி இருக்கு, மீதிக் கேள்விக்கு நாளைக்கு வரேன்.